கழுத்துக்குள் எழுதியது

காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். போர்வையை மடித்தான். பல் தேய்த்தான். அடுப்பில் பால் வைத்தான். பால் பொங்குவதற்குள் நேற்றைய பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தான். இரண்டு காபி. சர்க்கரை போடாதது அத்தைக்கு. சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, அலமாரியிலிருந்து கெண்டியை எடுத்து வந்து நடுவில் வைத்தான். டம்ளரை நிமிர்த்தினான். தண்ணீர் ஊற்றினான்.

டம்ளர் சுட்டது.

சுட்டது என்று சொல்வது அதிகம். வெதுவெதுப்பாக இருந்தது. ஆனால் ராத்திரி முழுக்க மண்பாண்டத்துக்குள் இருந்த தண்ணீர் அது. வெளியே ஐந்து நாளாக விடாத மழை, கால் வைத்தால் தரை ஜில்லிட்டது, ஜன்னல் கம்பிகளில் வரிசையாக நீர்த்துளிகள் கோத்துக்கொண்டு நின்றன, சமையலறையில் தேங்காய் எண்ணெய்கூட உறைந்து கிடந்தது. கெண்டியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தான். குளிர்ந்திருந்தது. டம்ளருக்குள் விரலை விட்டான். உடம்புச் சூடு.

"என்ன மாப்பிள்ளை, தண்ணிக்கு ஜுரமான்னு பாக்குறீங்களா?"

அத்தை அறை வாசலில் நின்றிருந்தாள். முடியை அள்ளி முடிந்துகொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள்.

"கொஞ்சம் சூடா இருக்கு அத்தை. கொட்டிட்டு வேற பிடிக்கிறேன்."

"கொட்டுறதாவது. கொடுங்க இப்படி."

டம்ளரை இரண்டு கைகளாலும் வாங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடித்தாள். அதன் பிறகுதான் காபியைத் தொட்டாள்.

"தூக்கம் தூக்கமா வருது. வயசாகுதுல்ல" என்றாள்.

அவன் மனைவி செய்துவந்த வேலை இந்தக் கெண்டிகள். யாரையாவது பறிகொடுத்தவர்கள் அவளைத் தேடி வருவார்கள். அவர்களை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பேசவிடுவாள். இறந்தவர் எப்படிச் சிரிப்பார், எதற்குக் கோபப்படுவார், எந்தச் செருப்பைத் தேயத் தேயப் போட்டுக்கொண்டிருந்தார் என்று கேட்டுக்கொள்வாள். பிறகு ஒரு கெண்டி செய்வாள். வயிற்றைச் சுற்றி ஐந்து படங்கள், அந்த ஒரு ஆளின் கதை. உள்ளே இரண்டு அறை; சாய்த்தால் தண்ணீர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்து காற்றைத் தள்ளும், அந்தக் காற்று கழுத்தில் பதித்த சின்ன மண் ஊதலின் வழியாக வெளியே வரும். ஒவ்வொரு கெண்டிக்கும் ஒரு சத்தம். ஒன்று குருவி மாதிரி. ஒன்று தாத்தா ஒருவர் தொண்டையைச் செருமுவது மாதிரியே இருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் முதல்முறை கேட்டுவிட்டு ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

கழுத்தை உடம்போடு ஒட்டுவதற்கு முன், ஈர மண்ணின் உட்புறத்தில், இறந்தவர் கடைசியாகச் சொன்னதை ஊசியால் எழுதுவாள். ஒட்டிவிட்டால் யாரும் பார்க்க முடியாது. தண்ணீர் மட்டும் அதன்மேல் போய்வரும்.

"நல்ல வாக்கியமா யோசிச்சுட்டு வராதீங்க. சொன்னதைச் சொல்லுங்க" என்பாள் வந்தவர்களிடம். ஒரு பெரியவர் கடைசியாகச் சொன்னது, "ஃபேனைக் குறைச்சுத் தொலைடா." மகன் அதைச் சொல்லக் கூச்சப்பட்டான். அவள் அதைத்தான் எழுதினாள், 'தொலைடா' உட்பட.

தினமும் காலையில் வீட்டில் முதல் டம்ளர் தண்ணீர் அந்தக் கெண்டியிலிருந்து. யாருக்கு அதிகம் வலிக்கிறதோ அவர்கள் குடிக்க வேண்டும். எத்தனை நாளுக்கு என்று கேட்டால், "போதும்னு தோணுற வரைக்கும்" என்பாள்.

அவள் இறந்து ஐந்து மாதம்.

அவளுடைய சூளை வீட்டின் பின்னறையில் இருந்தது. கேஸ் சூளை. அன்று மழை சாய்வாக அடித்தது. காய வைத்த பாண்டங்கள் நனையாமலிருக்க ஜன்னலைச் சாத்தியிருக்கிறாள். புகைக்குழாயின் தகர மூடி காற்றில் சாய்ந்து வாயை அடைத்துக்கொண்டது. அறைக்குள் தேங்கிய கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை என்று டாக்டர் பிறகு விளக்கினார். மூச்சு முட்டுகிற மாதிரியே இருக்காது. தலை வலிக்கும். தூக்கம் வரும். எழுந்திருக்கத் தோன்றாது. கன்னம் சிவக்கும்.

அவன் பார்த்தபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் அவ்வளவு சிவந்திருந்தது. இப்போதுதான் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்து ஓய்ந்தவள் என்று ஒரு நொடி நினைத்தான்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் அத்தை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மகளும் அவளும் பேசி ஒரு வருடம் ஆகியிருந்தது. செத்தவர்களுக்குச் சட்டி செய்து பிழைக்கிறாயே, வாசலில் துக்கத்தை வரிசையில் நிற்கவைக்கிறாயே என்று அத்தை கத்தியிருந்தாள். இனி இந்த வீட்டுக்கு வராதே என்று மகள் சொல்லியிருந்தாள்.

"கடைசியா ஏதாவது சொன்னாளா மாப்பிள்ளை? ஒரு வார்த்தை?"

அவன் அந்த முகத்தைப் பார்த்தான்.

"'அம்மாவைத் தனியா விட்டுடாதடா'ன்னு சொன்னா அத்தை."

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "என்னை மன்னிச்சுட்டா" என்றாள். மறுவாரம் ஒரு பெட்டியோடு அவன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்று முதல் அவள் சாப்பிடுவது, தூங்குவது, எழுந்திருப்பது எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான்.

கெண்டி வேண்டும் என்று கேட்டதும் அவள்தான். மனைவியின் அலமாரியில் ஒரு உடம்பும் ஒரு கழுத்தும் பிளாஸ்டிக் சுற்றியபடி இருந்தன. அவள் கையால் வனைந்த கடைசி இரண்டு துண்டுகள். ஏன் என்று தெரியாமலே அவற்றை வாரத்துக்கு இரண்டு முறை நனைத்து வைத்திருந்தான். நான்கு வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவன், ஒட்டத் தெரியும். ஐந்து படங்களைக் கீறினான். ("மூக்கு என் பொண்ணுது மாதிரியா இருக்கு? மிளகாய் மாதிரி இருக்கு" என்றாள் அத்தை.) கழுத்தின் உட்புறத்தில் எழுதும்போது அவள் பக்கத்திலேயே நின்றாள். அவன் நடைபாதையில் சொன்னதை எழுதினான்.

அவன் தொழில் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது. வழக்கு விசாரணைகள், கூட்டங்கள், பேட்டிகள். காதில் ஹெட்போன், காலடியில் ஒரு மிதி. மிதித்தால் ஒலி ஓடும், காலை எடுத்தால் நிற்கும். கேட்டது கேட்டபடி எழுத வேண்டும். இருமினால் இருமல் என்று எழுத வேண்டும். ஒரு வார்த்தையைக்கூட அழகுபடுத்தக் கூடாது. எட்டு வருடமாகச் செய்கிறான். பிழை என்று ஒரு கோப்பு திரும்பி வந்ததில்லை.

கெண்டியை முதன்முதலில் சாய்த்த அன்று இருவரும் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். தண்ணீர் நகர்ந்தது. ஊதவில்லை. உள்ளே இழுத்தது. நீளமாக, மெதுவாக, பேசப்போகிற ஒருவர் பேச்சுக்கு முன் இழுக்கிற மூச்சு. அதோடு நின்றது.

"பேச வர்றா" என்றாள் அத்தை. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவனுக்கு முதுகில் மயிர் எழுந்து நின்றது.

தண்ணீர் வெதுவெதுப்பானது மூன்றாவது வாரத்தில். அதற்கடுத்த நாள்களில் அத்தைக்குத் தலைவலி வந்தது. நெற்றிப்பொட்டில் விரலை அழுத்திக்கொண்டு சோபாவில் படுத்திருப்பாள். டிவியைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போவாள். சாப்பிடக் கூப்பிட்டால், "இதோ, எந்திரிக்கத் தோணல" என்பாள். அவன் டாக்டரிடம் கூட்டிப்போனான். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. ரத்தப் பரிசோதனையும். திரும்பி வருகையில் எதிர்வீட்டு அம்மாள் குடையைச் சாய்த்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

"பரவாயில்லையே, மாப்பிள்ளை நல்லா கவனிச்சுக்கிறார் போல. முகத்துல களை வந்துருச்சு. கன்னமெல்லாம் எப்படி சிவந்திருக்கு பாரு."

"போங்கக்கா, இந்த வயசுல என்ன கன்னம்" என்று அத்தை வெட்கப்பட்டாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம்.

மறுநாள் கெண்டித் தண்ணீரை முகர்ந்து பார்த்தான். வாசனை இல்லை. எந்த வாசனையும் இல்லை. மண் வாசனைகூட. தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு, டம்ளரில் குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்தான். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"இது குழாய்த் தண்ணி. எனக்குத் தெரியாதா? எம்பொண்ணு தண்ணியில உங்களுக்கு என்ன பொறாமை?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அதற்கடுத்த நாள் அவனுக்கு முன்பே எழுந்து தானே ஊற்றிக் குடித்துவிட்டாள். அவன் படுக்கையில் கிடந்தபடி அந்த மூச்சைக் கேட்டான். சுவர் வழியாக. முன்பைவிட நீளமாக இழுத்தது. முடிவில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற ஈரச் சத்தம்.

கெண்டியைச் சுட்டுக் கொடுத்தவள் மனைவியின் தோழி. ஊருக்கு வெளியே ஓடு சுடுகிறாள். அவளுக்கு போன் செய்தான்.

"அக்கா, ஊதல் உள்பக்கமா இழுக்குமா?"

"இழுக்காதுடா. தலைகீழா ஒட்டியிருந்தா சத்தமே வராது. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்குற மூஞ்சியா நீ." கொஞ்சம் சிரித்தாள். பிறகு, "உள்ள சொன்னதைத்தானே எழுதின?" என்றாள்.

அவன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"உன் பொண்டாட்டி ஒரு தடவை ஏமாந்துட்டா தெரியுமா? ஒரு வீட்டுல பொய்யா ஒண்ணு சொல்லி எழுத வச்சுட்டாங்க. சாமி, தெய்வம்னு ஏதோ. அது ஊமையாப் போச்சு. எப்படிச் சாய்ச்சாலும் சத்தம் வரல. அப்புறம் அந்தப் பையனே வந்து அழுது நிஜத்தைச் சொன்னான். உடைச்சுட்டு வேற செஞ்சு கொடுத்தா."

"இது ஊமையா இல்லக்கா" என்றான். "மூச்சு இழுக்குது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஜாஸ்தியா."

அந்தப் பக்கம் ஓடுகளை அடுக்கும் சத்தம் நின்றது.

"உடைச்சுடு."

"அத்தை..."

"அவங்ககிட்ட நிஜத்தைச் சொல்லிட்டு உடை. சொல்லாம உடைக்காத. இன்னைக்கே."

மத்தியானம் அத்தை தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே நிறைய இடைவெளி இருந்தது. அவன் கெண்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான். துணி துவைக்கும் கல் மழையில் பளபளத்தது. கையை ஓங்கினான். கெண்டி சாய்ந்தது. காதருகில் அந்த மூச்சு.

அவனுக்குத் தெரிந்த மூச்சு. தூக்கத்தில் அவன் பக்கம் புரளும்போது அவள் இழுக்கிற மூச்சு. சக்கரத்தில் மண்ணை வைத்துவிட்டு, கையை நனைத்துக்கொண்டு, தொடங்குவதற்கு முன் இழுக்கிற மூச்சு. ஐந்து மாதமாக இந்த வீட்டில் எங்கே தேடியும் கிடைக்காதது. உலகத்தில் அவள் மூச்சு விடுகிற இடம் இது ஒன்றுதான். கல்லைப் பார்த்தான். மழை முகத்தில் வழிந்தது. கையை இறக்கினான். கெண்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். நனைந்த சட்டை வழியாக உள்ளே ஏதோ வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் கடைசியாகப் பேசியது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவனுடைய அறைக்கும் சூளை அறைக்கும் ஒரே சுவர். அன்று ஒரு கோப்பு அவசரம். கடைசிப் பகுதி. ஒரு வார்த்தை சரியாகக் கேட்கவில்லை என்று மிதியிலிருந்து காலை எடுத்தான். ஒலி நின்றது. அந்த அமைதியில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் கூப்பிட்டாள். தெளிவாகக் கேட்டது. "இதோ" என்றான். மறுபடி மிதித்தான். முடித்தான். முடித்ததை ஒருமுறை முதலிலிருந்து சரிபார்த்தான். நாற்பது நிமிடம்.

அத்தை நடைபாதையில் கேட்டபோது அந்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. அதைச் சொன்னால் 'நீ போனியா?' என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும்.

சொல்லிவிட வேண்டும். மன்னிப்பு என்று அவள் பிடித்துக்கொண்டிருப்பதைப் பிடுங்கத்தான் வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். போகட்டும். உயிரோடு போவாள். காலையில் அவள் கெண்டியைத் தொடுவதற்கு முன் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

காலை ஐந்து மணிக்கு எழுந்தான். எட்டு மணிக்குள் அனுப்ப வேண்டிய கோப்பு ஒன்று இருந்தது. அத்தை எழுந்திருக்க நேரமாகும் என்று உட்கார்ந்தான். ஹெட்போனை மாட்டினான். இரண்டு பேர் ஒரு கிடங்கின் எல்லைச் சுவரைப் பற்றிச் சலிப்பான குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டச்சு செய்தான். மழை கூரையில் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் வெளிச்சம் சாம்பலாக ஏறியது. ஒருவர் இருமினார். இருமல் என்று எழுதினான்.

ஒரு அளவு சரியாகக் கேட்கவில்லை. காலை எடுத்தான்.

"மாப்பிள்ளை."

அத்தையின் குரல். கூடத்திலிருந்து. மெலிந்து.

"இதோ அத்தை."

கோப்பில் பதினோரு நிமிடம் மிச்சம் இருந்தது. சாவி பையில் இருந்தது, தொட்டுப் பார்த்துக்கொண்டான். இதை முடித்துவிட்டு நிதானமாக உட்கார்ந்து சொல்ல வேண்டும். அவசரமாகச் சொல்கிற விஷயமா அது. மிதித்தான்.

சுவரின் நீளம். சுவரின் உயரம். யார் கட்டியது. எப்போது கட்டியது. முற்றுப்புள்ளி வைத்தான். ஹெட்போனைக் கழற்றினான்.

மழை நின்றிருந்தது. வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை.

பிறகு ஒரு சத்தம் வந்தது.

மூச்சு. இம்முறை வெளியே.

எழுந்தான். நாற்காலி பின்னால் விழுந்தது. கூடத்துக்குப் போனான். அலமாரிக் கதவு திறந்து கிடந்தது. பூட்டு பூட்டியபடியே கொண்டியோடு பெயர்ந்து தொங்கியது. உள்ளே கெண்டி இல்லை.

மேசையில் இருந்தது.

அத்தை அதன் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முடியை அழகாக முடிந்திருந்தாள். டம்ளர் காலி. இரண்டு கைகளும் இன்னும் அதைச் சுற்றி இருந்தன. கன்னங்கள் சிவந்திருந்தன. உதடு சிவந்திருந்தது. காது மடல்வரை சிவந்திருந்தது.

"அத்தை."

கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. கையைத் தொட்டான். குளிர்ந்திருந்தது.

கெண்டி நிமிர்ந்தே இருந்தது. யாரும் சாய்க்கவில்லை. குனிந்து பார்த்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கழுத்திலிருந்து காற்று வந்தது. இத்தனை நாள் இழுத்து வைத்த காற்று முழுதும். நிற்காமல். வெதுவெதுப்பாக அவன் முகத்தில் பட்டது. வாசனை இல்லை.

காற்றில் குரல் வந்தது.

அவள் குரல். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கிற மாதிரி. அவன் எழுதியதைச் சொல்லவில்லை. சொன்னதைச் சொன்னது. ஒரு எழுத்து குறையவில்லை. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

மேசைக்கு அந்தப் பக்கம் அத்தையின் சிவந்த உதடுகள் அசைந்தன. குரலோடு சேர்ந்து. வார்த்தைக்கு வார்த்தை.

"தலை என்னமோ மாதிரி இருக்குடா. அதைக் கழட்டி வச்சிட்டு ஒரு நிமிஷம் வாயேன்."